வேரில் சர்க்கரை, வாசலில் மாடு

தீவனப்பயிர் ஆராய்ச்சி என்பது மாடு தின்று முடித்ததைப் பற்றி மாட்டைத் தவிர எல்லோருக்கும் விளக்கம் சொல்லும் தொழில். வயல்வெளியில் ஆய்வுப் பட்டம் தேடும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குப் புரியும்.

துடியலூர் தாண்டி, கதிர்வேல் அண்ணன் தோட்டத்தில் குதிரைமசால் என்கிற மாட்டுத் தீவனம் போட்டிருந்தேன். பாதிப் பாத்திகளுக்கு மட்டும் வேர் பாக்டீரியாவும் நுண்ணூட்டமும். வேரில் சர்க்கரை கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அறுத்த பிறகு செடி துளிர்ப்பது அந்தச் சேமிப்பில்தான்.

நிழலில் உலர்த்தவும்

பாக்டீரியா மாவை ஆறின கஞ்சியில் கரைத்து, விதையில் புரட்டி, நிழலில் காயவைக்கச் சொன்னேன். மறுநாள் போனால், மொட்டை மாடி வெயிலில் விதை மொறுமொறுவென்று கிடக்கிறது. பாக்டீரியா எல்லாம் செத்திருக்கும் என்றேன். அண்ணன் மனைவி ஈஸ்வரி அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கிருமி செத்தா நல்லதுதானுங்க அம்மணி?"

வெள்ளைப் பொடி

புது விதை, புது பாக்கெட், மறுபடி விதைப்பு. அடுத்தது நுண்ணூட்டம், அதாவது போரான் தெளிப்பு. கேரம்போர்டில் தூவும் பவுடரா என்று அண்ணன் கேட்டார். கிட்டத்தட்ட அதேதான் என்று உண்மையைச் சொன்னது என் தப்பு. அடுத்த வாரம் பொட்டலம் பாதியாக இருந்தது. அண்ணன் மறைக்கவே இல்லை.

"காயின் என்னமா வழுக்குதுங்க. உங்க மருந்து நல்லா வேலை செய்யுதுங்க."

சுகர்

ஒரு நாள் வேரைத் தோண்டி எடுத்து, இதில் எவ்வளவு சர்க்கரை தெரியுமா என்று பெருமையடித்தேன். இரண்டு வேளையும் மாத்திரை போடுகிற அண்ணன் முகம் வாடிப்போனது.

"மாட்டுக்குமுங்களா?"

பூ வரட்டும்

பூ வரும்வரை அறுக்கக் கூடாது என்று ஆயிரம் முறை சொல்லியிருந்தேன். என் ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர் பார்வையிட வருவதற்குப் பத்து நாள் முன்பு போனால், எல்லாப் பாத்தியும் தரையோடு தரை. ஒரு வருச உழைப்பு. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஈஸ்வரி அக்கா மோர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாடு கன்னு போட்டிருக்குதுங்க, பச்சை வேணுமில்லீங்க. பூ வரட்டும்னு நீங்கதான் சொன்னீங்க, மாடு சொல்லலீங்களே."

பார்வையிடல்

பத்தாம் நாள், சொல்ல வேண்டிய பொய்களை மனப்பாடம் செய்துகொண்டே பேராசிரியரை அழைத்துப்போனேன். பாக்டீரியாவும் போரானும் போட்ட பாத்திகள் ஒரு சாண் உயரம் துளிர்த்திருந்தன. மற்றவை மொட்டையாகவே நின்றன. வேரில் சேமித்தது எது, சேமிக்காதது எது என்று கண்ணுக்கே தெரிந்தது. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முன்கூட்டியே அறுத்துப் பார்த்தது நல்ல யோசனைம்மா. எப்படித் தோணுச்சு?"

ஆக, நான் ஒரு வருசமாக நிரூபிக்கப் பார்த்ததை ஈஸ்வரி அக்கா ஓர் அரிவாளோடு ஒரே காலையில் முடித்துவிட்டார், பட்டம் மட்டும் எனக்கு.