முப்பத்தொரு நகர்த்தல்

எங்கள் அபார்ட்மெண்ட் செஸ் போட்டியில் இன்று வெள்ளைக் காயில் ஜெயித்தேன். ராஜா சிப்பாய், குதிரை, மந்திரி என்று பழைய முறையில்தான் தொடங்கினேன்.

தோற்ற பி பிளாக் மூர்த்தி சார், "ஒவ்வொரு மூவையும் தாள்ல எழுதணும்னு ரூல். இந்தம்மா ஒண்ணுகூட எழுதலை, செல்லாது" என்றார். போன வருஷம் லிஃப்டில், "உங்களுக்கு எதுக்கும்மா செஸ்" என்றவரும் அவர்தான்.

நகர்த்தலைக் குறிக்கும் இங்கிலீஷ் எழுத்து எனக்கு வராது. முப்பத்தொரு நகர்த்தல்களையும் நடுவரிடம் வாயால் வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். கன்னடக்காரர், பாட்டிகளை அஜ்ஜி என்றுதான் கூப்பிடுவார். மூர்த்தி சாருடைய தாளோடு ஒத்துப் பார்த்து, பத்தாவதிலேயே, "போதும் அஜ்ஜி, எல்லாம் கரெக்ட். நீங்கதான் வின்னர்" என்றார்.

வீட்டில் மகனிடம் முதல் நகர்த்தலிலிருந்து ஆரம்பித்தேன். "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம்" என்றான்.

முப்பத்தொன்றையும் முழுதாகக் கேட்க ஆளில்லை. பலகையை அடுக்கி வைத்திருக்கிறேன். கறுப்புக் காய்க்கு யார் வருகிறீர்கள்? மூர்த்தி சார் வந்தாலும் சரி, காபி உண்டு.