ராட்டினத்தைச் சுற்றவைத்த லிஃப்ட் அக்கா

ராட்டினத்தின் நடுத்தூணை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார் லிஃப்ட் அக்கா. எந்த இயந்திரத்தைக் கண்டாலும் முதல் வேலை இதுதான். அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜைக்கூட விட்டதில்லை. "பாவம், மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்குவார்.

இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். போன வருடம் ஒரு கம்பிவடம் வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. "நீங்க உக்காந்து போன் எடுத்தா போதும்மா" என்று அலுவலகத்தில் நாற்காலி கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் கருவி எதையும் தொடவில்லை. கடலைப் பார்த்தால் மனம் ஆறும் என்று கணவர் காரில் கிளப்பிக்கொண்டு வந்தார். வழியில் இந்த மூடிய பொழுதுபோக்குப் பூங்காவைக் கண்டதும், "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்றார் அக்கா.

டிக்கெட் கூண்டில் புறாக்கள் குடித்தனம் நடத்தின. நீர்ச்சறுக்கின் வாயை முள்செடி அடைத்திருந்தது. நடுவில், பதினாறு மரக்குதிரைகளோடு ராட்டினம்.

"ஆறு வருஷமா அசையலம்மா. துருவேறி இறுகிப்போச்சாம். திங்கக்கிழமை வெட்டி எடைக்குப் போடறாங்க" என்றார் கேட்டைத் திறந்துவிட்ட காவலாளி.

"துருவா? யாரு சொன்னா?" அக்கா ராட்டினத்தின் அடியில் நுழைந்துவிட்டார். "அண்ணே, இது பிரேக். கரண்ட் போனா தானா புடிச்சுக்கும். லிஃப்ட்டும் இப்படித்தான். என்னங்க, கார்ல ஸ்பேனர் இருக்கா?"

கணவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஓடிப்போய் எடுத்துவந்தார்.

முதல் பிடியில் ஸ்பேனர் நழுவி விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று விரலுக்கு ஏற்றபடி பிடியை மாற்றினார். நட்டு கிறீச்சிட்டது. அதன்பின் உள்ளே எங்கோ 'டக்' என்று பிரேக் விட்டது.

"தள்ளுங்க!"

மூவரும் தோள் கொடுத்தார்கள். ராட்டினம் முனகியது, ஒரு சாண் நகர்ந்தது, பிறகு குதிரைகள் ஒவ்வொன்றாக எழும்பித் தாழ, முழு வட்டம் சுற்றியது. காவலாளி தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு குதிரைமேல் தாவி ஏறினார். ஏறிய கையோடு முதலாளிக்குப் போன் போட்டார். "சார், வெட்ட வேணாம் சார்! சுத்துது! நான் மேலதான் உக்காந்திருக்கேன்!"

கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, "கையை நீட்டு, கழுவிவிடறேன்" என்றார். அக்கா கையை நீட்டினார், தண்ணீருக்கு அல்ல. எண்ணெய்க் கரியேறிய விரலால் கணவரின் மூக்கின்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.