நாலு கதவு, பதினாறு ஓட்டை

அது என் கார். என் சம்பளத்தில் வாங்கியது, ஆர்.சி. புத்தகத்திலும் என் பெயர்தான். பழைய கார், ஏசி வேலை செய்யாது. ஆனாலும் நாமக்கல்லில் இருந்து ராசிபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு தினமும் அதில்தான் பாடம் நடத்தப் போகிறேன். கதவுகளின் நடுவே கறுப்பு ரப்பரில் பட்டை ஒன்று ஓடும். சைடு பீடிங் என்பார்கள். பக்கத்தில் நிறுத்துகிற மகராசன் தன் கதவைப் படாரென்று திறந்தால், அடியை அது வாங்கிக்கொள்ளும். அழகுக்கு இல்லை, வேலைக்கு. அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்கும்.

போன சித்திரையில் டிரைவர் பக்கத்துப் பீடிங் ஒரு முனையில் பெயர்ந்து ஆடியது. லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் கார் வேலையும் பார்ப்பார்கள். அங்கே விட்டேன். இந்த ஒன்றை மட்டும் ஒட்டுங்கள், மற்றதைத் தொடவேண்டாம் என்று பட்டறைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். “சரிங்கக்கா” என்று தலையை ஆட்டினார்.

இரண்டு நாள் கழித்துப் போனால் நாலு கதவிலும் பளபளவென்று ஸ்டீல் பட்டை. என் ரப்பர் துண்டு துண்டாகக் குப்பையில் கிடந்தது. புதியதை ஒட்டவும் இல்லை. லாரிக்கு அடிக்கிற பழக்கத்தில் கதவுக்கு நாலு நீள ஸ்க்ரூ, டிரில் போட்டு முடுக்கியிருந்தார். உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினேன். ஸ்க்ரூ முனையில் இடித்துப் பாதியில் நின்றுவிட்டது.

“யாரைக் கேட்டு இப்படிச் செஞ்சீங்க?”

“அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தானுங்கக்கா செஞ்சேன். ஸ்டீலே போட்டுருங்கன்னு சொன்னாருங்க.”

அண்ணன் என்றால் என் கணவர். போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவர், இந்தக் காரின் ஸ்டீயரிங்கை ஒருநாளும் தொட்டதில்லை. இந்தப் பக்கத்தில் பொம்பளை வண்டியைப் பட்டறையில் விட்டால், ஆம்பளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. எனக்குச் செய்கிற மரியாதையாம்! உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பில் போன் எடுக்க முடியாது என்று அவர் நம்பரை முன்பொரு தடவை அங்கே எழுதிக்கொடுத்தவளும் நான்தான். அதை நினைத்தபோது என் மேலேயே ஆத்திரம் வந்தது.

“கழட்டுங்க. எல்லாத்தையும் இப்பவே கழட்டுங்க.”

வெல்டிங் அடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். கடைசி ஸ்க்ரூ வருகிறவரை நகராமல் நின்றேன். கண்ணாடி இறங்கியது. கதவுகளில் பதினாறு ஓட்டை.

“ஓட்டையை அடைச்சு பெயிண்ட் டச்சப் பண்ணிரட்டுங்களாக்கா?” என்றவர், நான் வாய் திறப்பதற்குள் செல்போனை எடுத்தார். “அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க.”

சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினேன். ஜன்னல் நாலும் திறந்திருந்தன, யார் காதில் விழுந்ததோ தெரியாது.

வீட்டு வாசலில் என் கணவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

“ஸ்டீல் போட்டா நல்லா இருக்கும்னுதானே போடச் சொன்னேன். யாரைக் கேட்டுக் கழட்டுன?”

“காரோட சொந்தக்காரங்களைக் கேட்டுத்தானுங்க.”

அவர் சட்டைப்பையில் இருந்து செல்போனை எடுத்துப் பார்த்தார்.

“எனக்குப் போனே வரலியே” என்றார்.