அண்ணி மறுபடியும் ஆட வந்தாள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துவது அவளுடைய வேலை. சாயங்காலமானால் இறகுப்பந்து. அவளும் நாத்தனாரும் ஜோடி சேர்ந்து இறங்கினால் எதிரே நிற்பவர்களுக்குக் கை உதறும். வீட்டில் கீரியும் பாம்பும். ஆட்டத்தில் மட்டும் நகமும் சதையும்.

போன வருடம் வலது மார்பில் கட்டி தெரிந்தது. புற்றுநோய். மார்பை எடுத்தார்கள், அக்குளிலும் கத்தி போனது. பிழைத்ததே பெரிது என்றார்கள் எல்லோரும். அவளுக்கோ, மேல்தட்டு டப்பாவை எடுக்கக் கை எழும்பாததுதான் அழுகையாக வந்தது. மாதக்கணக்கில் சமையலறைச் சுவரில் விரல்களை நடக்கவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கையை மேலே ஏற்றினாள்.

"இனி ஆடலாம், மெதுவா ஆரம்பிங்க" என்று டாக்டர் சொன்ன பிறகும் சாக்குப்போக்குதான். கையைப் பற்றிய பயமல்ல. உள்ளாடைக்குள் மார்புக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் பஞ்சுத் திண்டு எல்லோர் முன்னாலும் நழுவிவிட்டால்?

நாத்தனார் விடவில்லை. "அண்ணி, உங்களுக்குப் பதிலா எனக்கு வாய்ச்ச ஜோடி, பந்து வந்தா கண்ணை மூடிக்கிறா. புண்ணியமாப் போகும், வாங்க."

போனாள். எதிர்ப்பக்கம் மருந்துக்கடைக்காரியும் அவள் மகளும். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் பந்தைத் தட்டிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்தாள், அப்புறம் சுருக்கென்றது.

"நான் என்ன உடைஞ்ச பொம்மையா? ஒழுங்கா அடிங்க!"

அடுத்த பந்து உயரமாக வந்தது. யோசிக்காமல் எம்பினாள். தோள் இழுத்தது, ஆனாலும் கை போனது. பந்து எதிர்க்கட்டத்தின் மூலையில் போய் விழுந்தது. கூடவே பஞ்சுத் திண்டும் சட்டைக் கழுத்து வழியாக எட்டிப் பார்த்து, தொப்பென்று தரையில் விழுந்தது.

நாத்தனார் குனிந்து எடுத்தாள்.

"ரெண்டு விழுந்துச்சுன்னு ரெண்டு பாயிண்ட் கேட்டுடாதீங்க அண்ணி. ஒண்ணுதான்."

முதலில் முகம் சிவந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். மருந்துக்கடைக்காரி வலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தூக்கத்தைக் கெடுத்த அந்தப் பயம் இவ்வளவுதானா? நடந்தே விட்டது, கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. திண்டைப் பையில் போட்டுவிட்டு, ஒரு பக்கம் தட்டையாகவே மீதி ஆட்டத்தை ஆடினாள்.

படுதோல்வி. கடைசிப் பந்தை விட்டது யார் என்று இருவரும் வாசல்வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

"கை எப்படி இருக்கு?" வீட்டில் கணவர் கவலையோடு கேட்டார்.

"வலிக்குது. ஆடினா வலிக்கிற மாதிரிதான் வலிக்குது" என்றாள், நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியபடி. "முதல்ல உங்க தங்கச்சியைப் பின்னாடி போற பந்தை எடுக்கச் சொல்லுங்க."