மிக்கேலின் மோட்டார் டிஷ்

மிக்கேல் பெரிய அறிவாளி என்பது மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், எல்லோருக்கும் தெரியும். அவரே ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தார். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில், கொரகொரவென்று சத்தம் வருகிறதென்று ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டார். அது இன்னும் பரணில் பிரிந்தபடியேதான் கிடக்கிறது. கொரகொரப்பு போய்விட்டது என்று அவர் மனைவி கத்தரீனாள் வருகிறவர்களிடம் சொல்வாள்.

பக்கத்து வீட்டு மூக்கம்மாள் பின்கட்டில் மூன்று டிஷ்களை நட்டு வைத்திருந்தாள். தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று, அவள் வீட்டுக்காரன் சோலை பார்க்கிற கபடிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்து அசையாமல் நிற்கும். மிக்கேலுக்கு அதைக் கண்டாலே இளப்பம்.

"ஒரே எடத்த மொறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்குதுக, பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க்கு மாதிரி" என்பார். தன் பழைய நாலடி டிஷ்ஷைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்கு மூடியாக்கிவிட்டு, வாசலில் கம்பிவலையாலான பெரிய டிஷ் சட்டி ஒன்றை நிறுத்தினார். ரிமோட்டை அமுக்கினால் அதன் முதுகிலிருக்கும் மோட்டார் ஒரு கம்பியை நீட்டி மடக்கும். சட்டி கிழக்கிலிருந்து மேற்குவரை மெல்லத் திரும்பும். வானத்தில் இருக்கிற சாட்டிலைட் எல்லாம் தன் கைக்குள் அடக்கம் என்று நடந்துகொண்டார். புரியாத பாஷையில் சமையல், புரியாத பாஷையில் செய்தி, புரியாத பாஷையில் மல்யுத்தம். புரிகிறதை மட்டும் அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அதையெல்லாம் கத்தரீனாள் பொறுத்துக்கொண்டிருந்தாள். டின்சியின் போன் வந்தபோதுதான் பொறுமை போதவில்லை. டின்சி அவர்களுக்கு ஒரே மகள், இத்தாலியில் நர்ஸ். லயத்தில் ரேஞ்ச் கிடையாது. கோயில் பாறைமேல் ஏறினால் பேச்சு வரும். முகம் வராது, வந்தாலும் பாதிக் கண்ணோடு நின்றுவிடும். மகள் போய் மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது.

"அம்மா, இங்க நம்ம தமிழாளுக கிறிஸ்துமஸ் ராப்பூசைய ஒரு சேனல்ல லைவா காட்டுறாங்க. நாந்தான் பாடுறேன். ரெண்டாவது வரிசை, எடது ஓரம். நம்மூர்ல அப்ப விடியக்காலம். எப்படியாச்சும் பாரும்மா."

அந்தச் சேனல் மேற்குக் கோடியில் ஒரு சாட்டிலைட்டில் வந்தது. மிக்கேல் அதைத் தேடிப் பிடித்துவிட்டார். அது உண்மை, மறுக்க முடியாது. பிடித்ததை லயம் முழுக்கச் சொல்லி முடிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார் என்பதும் உண்மை.

டிஷ் மாட்டுகிற சுடலைமணி, வேறு வேலையாக வந்தவன், மோட்டாரைச் சுற்றி உரச்சாக்கு இறுக்கிக் கட்டியிருந்ததைப் பார்த்தான்.

"அடியில ஒரு ஓட்ட விடுங்க அண்ணாச்சி. உள்ள எறங்குன தண்ணி வடியணும்ல."

"தண்ணி போவக் கூடாதுன்னுதான் சாக்கே கட்டிருக்கேன். அதுல ஓட்ட போடச் சொல்லுத. உன்ன எவன்டே வேலைக்கி வச்சான்?"

சுடலைமணி கத்தரீனாளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரு மனிதனோடு குடும்பம் நடத்தியவளுக்கு அவர் எங்கே கவிழ்வார் என்று தெரியாதா என்ன. மிக்கேல் பென்ஷன் வாங்கப் போன நாளில் கோழிக்கூட்டு மூடியைக் கழுவி எடுத்தாள். சுடலைமணி அதை மூக்கம்மாள் பின்கட்டில், மேற்குக் கோடியைப் பார்க்க நட்டு, கேபிளை அவள் வீட்டு டிவிக்கு இழுத்தான்.

மறுநாள் மிக்கேல் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "சோலை வீட்டுல நாலாவது சட்டி மொளைச்சிருக்கு. புத்தி எங்கயாச்சும் மொளைச்சிருக்கான்னு பாரு." தன் டிஷ்ஷையே அடையாளம் தெரியாத அறிவாளி. கோழிகள் இரண்டு நாளாக வெட்டவெளியில் திரிந்ததும் அவர் கண்ணில் படவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் தோட்டத்து ஃபீல்டு ஆபீசர் கேக்கோடு வந்தார். மிக்கேல் அவருக்குக் காட்டுவதற்காக டிஷ்ஷைக் கிழக்குக் கோடிக்குத் திருப்பி மல்யுத்தம் வைத்தார். ஆபீசர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார்.

"இப்பமே மேக்க திருப்பி வச்சிருங்களேன்" என்றாள் கத்தரீனாள்.

"காலையில பட்டன அமுக்குனா ஒரு நிமிசத்துல போயிரும். ஒனக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்?"

விடியற்காலம் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. டிசம்பர் உறைபனி அங்கே புதிதல்ல. தேயிலைக் கொழுந்தே அதில் கருகும். மிக்கேல் பட்டனை அமுக்கினார். மோட்டார் 'ம்ம்' என்று முனகியது. இன்னொரு முறை அமுக்கினார். முனகலும் நின்றது. வாசலுக்குப் போய்ச் சாக்கைத் தொட்டுப் பார்த்தால் கல்லாக இருந்தது. மழைக்காலத்துத் தண்ணீரெல்லாம் சாக்குக்குள் தேங்கி, கம்பியோடு சேர்ந்து உறைந்துவிட்டிருந்தது.

"வெந்நி கொண்டா" என்று கத்தினார்.

கத்தரீனாள் ஒரு குண்டான் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரே மூக்கம்மாள் வீட்டுக்கு நடந்தாள். கதவு திறந்தே இருந்தது. மூக்கம்மாள் சேனலைப் போட்டு வைத்து, ஸ்டூலையும் டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டிருந்தாள்.

"வந்துட்டீகளாக்கா. இப்பத்தான் ஆரம்பிச்சாக."

இரண்டாவது வரிசை, இடது ஓரம். நீலச் சேலை. மகள் இளைத்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள், சொல்லவே இல்லை. வாயைத் திறந்து பாடினாள். கத்தரீனாள் மூக்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுந்துபோய் வாசலில் நின்று கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வாங்க. பிள்ள பாடுது."

ஏணிமேல் நின்ற மிக்கேல் திரும்பவில்லை. "இரு, வந்துரும். எளகிருச்சு."

"மூக்கம்மா வீட்டுல தெளிவாத் தெரியுது. எறங்கி வாங்க."

"அந்தச் சட்டியில நான் பாக்கணுமாக்கும்? போ."

இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது. மூன்றாம் தடவை கூப்பிட அவளுக்கு மனமில்லை. உள்ளே போய்க் கடைசிப் பாட்டுவரை பார்த்தாள்.

கிழக்கு வெளுத்த பிறகு மோட்டார் அசைந்தது. சட்டி மேற்கே திரும்பியது. "கத்தரீனா, வந்து பாரு. கண்ணாடி மாதிரி இருக்கு."

வந்து பார்த்தாள். கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. குடில் இருந்தது, அணைந்த மெழுகுவர்த்திகள் இருந்தன. பூசை முடிந்த கோயிலில் ஒருவன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வரும்போதே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். பிரித்துப் போட்ட ரேடியோவிலிருந்து ஆரம்பிக்க இருந்தாள். மிக்கேல் ரிமோட்டைக் கீழே வைத்தார். வெந்நீர் பட்டுச் சிவந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"எங்க நின்னா?" என்று கேட்டார்.

கத்தரீனாள் திரையின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள். அவர் குனிந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த நாற்காலியையும் அவன் எடுத்துக்கொண்டு போனான்.