மரத்துப்போன விரல்களோடு

கீமோ முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம், ஜொகூர் மாநிலத்துச் செனாயில் வழக்கமாகப் போகும் லேமினேட் ஷோரூமுக்குப் போனேன். வீட்டு உள்வடிவமைப்பு என் தொழில். அலமாரிக் கதவில் என்ன ஒட்டுவது, சமையல் மேடைக்கு என்ன கல் போடுவது, குளியலறைத் தரை ஈரத்தில் வழுக்குமா என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்த சாம்பிள் ஒன்றைத் தடவினேன். பக்கத்தில் இருந்ததையும் தடவினேன். ஒன்றில் மரத்தின் ரேகைகள் மேடும் பள்ளமுமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. மற்றது கண்ணாடி போல வழவழப்பு. கண்ணுக்கு அது தெரிந்தது. விரலுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. தடித்த கையுறை போட்டுக்கொண்டு தொடுவது போல இருந்தது.

மருந்து நரம்பைத் தாக்கும், விரல் மரத்துப்போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பலருக்கு உணர்ச்சி திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாது என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். உயிரோடு இருப்பேனா என்று பயந்துகொண்டிருந்தவள் விரலைப் பற்றி என்ன கேட்பாள்?

சில டிசைனர்கள் நிறத்திலிருந்து தொடங்குவார்கள். சிலருக்குப் படம் வேண்டும். எனக்கு ஒரு வீடு கையில்தான் தொடங்கும். எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து ஸ்டோரில் காயத் தொங்கிய ரப்பர் ஷீட்டின் வரிகளைச் சின்ன வயதில் விரலால் ஓட்டிக்கொண்டே நிற்பேன். ஜொகூர் பாருவில் ஒரு காப்பிக் கடைக்கு நான் போட்ட வரிவரியான மரக் கவுண்ட்டர் அதிலிருந்து வந்ததுதான். இன்னொரு வீட்டின் படுக்கையறைச் சுவர், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாம்பழத்தின் தோலிலிருந்து வந்தது. இதையெல்லாம் யாரிடமும் விளக்கியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடுவேன். மனதில் எங்கோ ஒன்று அசையும். அந்த அசைவுதான் என் தொழில்.

இப்போது எதுவும் அசையவில்லை.

எனக்காக ஒருவர் காத்திருந்தார். பத்து பாகாட் ஊரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, என்னைவிட இளையவர். நான் நோயில் விழுவதற்குக் கொஞ்சம் முன்புதான் அவரும் கணவரும் வரிசையாக ஒட்டிக் கட்டிய தேரஸ் வீடுகளில் ஒன்றை வாங்கியிருந்தார்கள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையிலிருந்தே போன் செய்தேன். "நீங்க நல்லாகி வாங்க அக்கா. வீடு எங்கயும் ஓடிப் போயிடாது லா" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பல ஊசிகளைத் தாண்டினேன். வேலைக்குத் திரும்பிய பிறகோ, அதே சொல் கழுத்தில் கட்டிய கல்லாகக் கனத்தது.

வீட்டில் என்னென்னவோ செய்தேன். அரிசியில் கையை விட்டுப் பிசைந்தேன். பல் விளக்கும் பிரஷ்ஷால் விரல் நுனிகளைத் தேய்த்தேன். வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் மாற்றி மாற்றி முக்கினேன். வெந்நீர் எவ்வளவு சூடு என்று தெரியாமல் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். அதையும் என் கணவர்தான் பார்த்துச் சொன்னார்.

"நீ கண்ணால பாத்துச் செய்யேன்மா. எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?" என்றார் மருந்து தடவிக்கொண்டே.

"எல்லாரும் செய்றத செய்யறதுக்கு என்னை எதுக்குங்க கூப்பிடணும்?"

அவர் என் கையை விடாமல் வைத்திருந்தார். குனிந்து பார்த்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

ஆசிரியை சொன்ன நாளில் அவரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. என்னால் வண்டி ஓட்ட முடியாது. பாதமும் மரத்திருந்ததால் பெடலை எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியாது. கணவர் லீவு போட்டு ஓட்டினார். பின் சீட்டில் சாம்பிள் பெட்டி இருந்தது. மனதில் ஒரு யோசனையும் இல்லை. ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் வரிசையாகப் பானைக் கடைகள் வந்தன. நிறுத்தச் சொன்னேன். மண்ணைத் தொட்டாலாவது ஏதாவது வராதா என்று ஒரு ஆசை.

மெருகு பூசாத ஒரு ஜாடி, இடுப்பளவு மேசையில் இருந்தது. சொரசொரப்பு கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு கையாலும் தூக்கி, கண்ணை மூடினேன். சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். ஜாடி காலடியில் சில்லு சில்லாகக் கிடந்தது. கையில் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரச் சீனப் பெண்மணி ஓடிவந்தார். திட்டுவார் என்று நின்றேன். என் தொப்பியையும் அதற்குள் முடியில்லாத தலையையும் பார்த்தார். "தாக் ஆப்பா, தாக் ஆப்பா," பரவாயில்லை என்று மலாயில் சொல்லிக்கொண்டே துடைப்பத்தை எடுத்தார். அந்த இரக்கத்துக்குப் பதிலாகத் திட்டே வாங்கியிருக்கலாம்.

வண்டியில் ஏறியதும் அழுதேன். "திரும்பிப் போயிடலாங்க. அந்தப் பொண்ணுகிட்ட என்னத்தச் சொல்றது? என்கிட்ட ஒண்ணுமே இல்ல."

"போய் அதையே சொல்லு" என்று வண்டியைப் பத்து பாகாட் பக்கமே திருப்பினார்.

சொல்லவில்லை. ஆசிரியை வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வெறும் வீட்டில் சிமெண்டு வாடை. புது வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. கூடத்துத் தரையில் பாயை விரித்து, பெட்டியைத் திறந்து, சமையலறை அலமாரிக்கான லேமினேட் துண்டுகளைப் பரப்பினேன். பழைய பழக்கத்தில் கண்ணை மூடி, ஒன்றை எடுத்து மெல்லத் தடவினேன். முன்பு எப்படி முகத்தை வைத்துக்கொள்வேனோ அப்படியே வைத்துக்கொண்டேன்.

"இதான். எவ்வளவு மெத்துன்னு இருக்கு பாருங்க. தினமும் தொட்டாலும் சலிக்காது" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றார் தயங்கி, "இது பின்பக்கம்."

பார்த்தேன். பசை பூசுவதற்காகச் சுரண்டிவிட்ட பழுப்புப் பக்கம். உப்புத்தாள் மாதிரி இருக்கும் அது. அதைத்தான் மெத்தென்று இருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

என் கணவர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். "எனக்குத் தெரியலமா. விரல்ல ஒண்ணுமே தெரியல. எதைத் தொட்டாலும் ஒண்ணாத்தான் இருக்கு. வேற ஆளை வெச்சுக்குங்க, தயவுசெஞ்சு" என்று கொட்டிவிட்டேன்.

ஆசிரியை ஆறுதல் எதுவும் சொல்லாமல் அந்தத் துண்டைத் திருப்பி, முன்பக்கத்தைத் தன் விரலால் தடவினார்.

"எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாதுக்கா. கொஞ்சம் கூசுது. சாக்பீஸ் தூள் கையில ஒட்டுனா இருக்குமே, அப்படி. இது வேணாம் எனக்கு."

அடுத்ததை எடுத்தார். "காய்ச்சல்காரன் உதடு மாதிரி." வைத்துவிட்டார். இன்னொன்று. "இது... இட்லியிலேர்ந்து துணிய எடுத்ததும் மேல ஒரு மாதிரி இருக்கும்ல?"

"ஈரமாவா?"

"ஈரம் இல்லக்கா. அமுக்கணும் போல இருக்கு."

அதைத் தனியே வைத்தேன். அன்று மதியம் முழுக்க அப்படியே போயிற்று. நான் கேள்வி கேட்டேன், அவர் தொட்டுத் தொட்டுச் சொன்னார். வெயில் படும் சுவருக்கு எது, எண்ணெய்க் கை படும் இடத்துக்கு எது, எது கீறும், எது கறை பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். வேலை நடந்தது. ஆனால் அவர் "அமுக்கணும் போல" என்று சொன்னபோது எனக்குள் எதுவும் அசையவில்லை. பசித்தவளுக்கு அடுத்தவர் சாப்பாட்டை வர்ணித்த மாதிரி இருந்தது. திரும்பும் வழியில் அதைக் கணவரிடம் சொன்னேன். "இன்னிக்கு ஒரு சமையலறை முடிஞ்சிச்சுல்ல?" என்றார். முடிந்தது உண்மைதான். அது என்னைத் தேற்றவில்லை.

வீடு நல்லபடியாகவே முடிந்தது. பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாரும் சமையல் மேடையைத் தடவிப் பார்த்தார்கள், அலமாரிக் கதவில் கை வைத்தார்கள். யார் டிசைன் என்று கேட்டவர்களிடம் ஆசிரியை என்னைக் காட்டினார். கூட்டம் கூடத்துக்கு நகர்ந்ததும் நான் தனியாகச் சமையலறையில் நின்று, மேடையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெகுநேரம் வைத்திருந்தேன். கல் அங்கே இருந்தது. கை இங்கே இருந்தது.

இப்போது புதிதாக வருபவர்களிடம் என் விரல்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் நாகரிகமாக யோசித்துச் சொல்கிறோம் என்கிறார்கள், பிறகு அழைப்பதில்லை. இவ்வளவு நாள் ஆகியும் வராதது இனி வருவது கடினம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். காலையில் எழுந்ததும் தலையணை உறையைத் தேய்த்துப் பார்ப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

போன வாரம் குளுவாங்கிலிருந்து ஒரு அம்மா அழைத்தார். பல் மருத்துவமனை ஒன்றைத் திறக்கப் போகிறாராம். நான் என் விஷயத்தைச் சொன்னேன். "சரி, நீங்க எப்ப வர்றீங்க?" என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், அந்த மருத்துவமனைக்கு என்ன வேண்டும் என்று ஒரு எண்ணம்கூட என்னிடம் இல்லை என்பது உறைத்தது. சாம்பிள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.