ஐந்தாம் பாகத்தின் முதல் பாதி

படம் முடியப்போகிறது என்றால் அவள் முதலில் குப்பை அள்ளும் தகர முறத்தை வயிற்றோடு அணைத்துக்கொள்வாள். சுவரில் பட்டு அது சத்தம் போட்டால் ஓரத்து இருக்கைக்காரர்கள் முறைப்பார்கள். துடைப்பத்தை அக்குளில் இடுக்கி, பக்கவாட்டுக் கதவை முதுகால் தள்ளி, திரைக்கு முதுகு காட்டியபடியே உள்ளே வருவாள். இருட்டு கண்ணுக்குப் பழகும்வரை வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பாள். அப்புறம்தான் திரும்புவாள்.

மூன்று அரங்குகள் உள்ள தியேட்டரில் அவளுக்குப் பெருக்கித் துடைக்கும் வேலை. படம் ஓடும்போது கழிப்பறையும் நடைவழியும். விளக்கு எரிந்ததும் நாற்காலி வரிசைகள். நடுவில் கிடைக்கும் கடைசிப் பத்து நிமிடம்தான் அவளுடைய சினிமா. டிவியில் போட்டாலும், அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போடுவார்கள். எத்தனையோ வருடமாக முடிவுகளை மட்டுமே பார்த்து வந்ததால், தியேட்டரில் எல்லோருக்கும் அவள் கிளைமாக்ஸ் அக்கா.

உளவாளிப் படங்கள் என்றால் உயிர். ஒரே உளவாளி, பாகம் பாகமாக வந்துகொண்டே இருப்பான். வெயிலோ மழையோ கோட்டைக் கழற்றாதவன் என்பதால் கோட்டுக்காரன் என்று அவளே பெயர் வைத்திருந்தாள். மூன்றாம் பாகம் அவளுக்கு ஆகாது. செத்துக் கிடக்கும் பெண்ணை மடியில் போட்டு அவன் கதறிவிட்டு ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விடுவான். "அழுதவன் ஏறிட்டான். அவளை யாரு தூக்கிப் போட்டா?" என்று புரொஜக்டர் ஆப்பரேட்டரிடம் சண்டைக்கு நின்றாள். ஆறாம் பாகத்தில் கடைசி நொடியில் வெடிகுண்டை நிறுத்துகிறானாம். கொஞ்சம் முன்னாடியே கிளம்பி வந்தால் என்ன கேடு என்பது அவள் கட்சி.

ஐந்தாம் பாகத்தைப் பற்றி மட்டும் யாரும் ஒரு சொல் குறைத்துப் பேசக்கூடாது. அதன் முடிவில் சண்டை கிடையாது. மழை. செத்துப்போனான் என்று ஊரே நம்பிய கோட்டுக்காரன் தாடியும் மீசையுமாகத் தன் வீட்டு வாசலில் நிற்கிறான். மனைவி கதவைத் திறக்கிறாள். ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழிவிடுகிறாள். கதவு மூடுகிறது, பெயர்கள் ஓடுகின்றன.

"வாயைத் திறக்கல பாத்தியா, தம்பி. அதுதான் நடிப்பு."

"நல்ல படம்தான் அக்கா," என்பான் ஆப்பரேட்டர். மற்றப் படங்களுக்கெல்லாம் வரிக்கு வரி எதிர்த்துப் பேசுகிறவன், இதற்கு மட்டும் அதோடு நிறுத்திக்கொண்டு புரொஜக்டரைத் துடைக்கப் போய்விடுவான். அவன் முழுப் படத்தையும் பார்த்தவன்.

அந்தப் படம் வருவதற்குச் சில மாதம் முன்புதான் அவள் கணவர் காணாமல் போயிருந்தார். கப்பலில் எஞ்சின் வேலை. ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கினார், திரும்பி ஏறவில்லை. கம்பெனி சொன்னது அவ்வளவுதான். கடலில் விழுந்திருப்பார் என்று உறவுக்காரர்கள் கை கழுவினார்கள். அவள் ஒப்பவில்லை. யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள், விட்டதும் வருவார். படிக்கட்டு ஏறும் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் கை வேலையை நிறுத்துவாள். வாடகை கூடியும் வீட்டை மாற்றவில்லை.

இப்போது மகளுக்கு வேறு ஊரில் ஆய்வக வேலை கிடைத்திருந்தது. பயிற்சி முடித்து வந்ததிலிருந்து, நீயும் வா என்று அவள் அம்மாவைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தனியாக விட்டுப் போக மனமில்லாமல் வேலையில் சேரும் நாளை ஒரு முறை தள்ளிப்போட்டும் விட்டாள். இனிமேல் தள்ள முடியாது.

"அவர் வந்து கதவைத் தட்டினா யாருடி இருப்பா?"

மகள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்த வாரம், புதுப் பாகம் வெளிவருவதை ஒட்டி, பழைய பாகங்களை நாளுக்கு ஒன்றாகப் போட்டார்கள். ஐந்தாம் பாகத்தின் பகல் காட்சிக்கு மகள் ஒரு டிக்கெட் வாங்கி வந்து அம்மாவின் கையில் திணித்தாள். நடு வரிசை. "ஒரு தடவையாவது ஆரம்பத்துல இருந்து பாரும்மா." காசுக்குப் பிடித்த கேடு என்று திட்டினாலும், அக்கா விடுப்புச் சொல்லி, தலையைப் படிய வாரி, உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவள்போலப் போய் உட்கார்ந்தாள். துடைப்பம் இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கோட்டுக்காரனை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. படகுக்குத் தீ வைத்ததும் அவன்தான், தான் செத்ததாகச் செய்தி அனுப்பியதும் அவன்தான். வெற்றுப் பெட்டியைப் புதைக்கும் இடத்தில் மனைவி அழுவதைத் தூரத்து மேட்டிலிருந்து தொலைநோக்கியில் பார்க்கிறான். கடற்கரையில் ஒரு வீடு, இன்னொரு பெண், தட்டில் வெட்டிய பழம். அங்கே கோட்டைக்கூடக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான். நன்றாகச் சிரித்தான். எதிரிகள் அந்த இடத்தையும் மோப்பம் பிடித்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறான். ஒவ்வொரு கதவாக மூடிக்கொள்ள, மிச்சம் இருந்தது ஒரே கதவு.

மழை வந்தது. மனைவி கதவைத் திறந்தாள். மனப்பாடமான காட்சி. ஆனால் அக்கா இந்த முறை அவனைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள்.

விளக்கு எரிந்து கூட்டம் கலைந்தும் அவள் எழவில்லை. மேலேயிருந்து இறங்கி வந்த ஆப்பரேட்டர் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தான்.

"போக வேற இடமில்லாம வந்திருக்கான்," என்றாள்.

அவன் மெல்லத் தலையாட்டினான்.

"அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு தம்பி. அதான் ஒண்ணும் கேக்கல. நான் அதைப் போய் நடிப்புன்னு சொல்லிட்டு இருந்தேன்."

"உங்ககிட்ட எப்படிக்கா சொல்றது?"

"நீ என்ன பண்ணுவே." குனிந்து முன் வரிசையில் கிடந்த காகிதக் கோப்பையை எடுத்தாள். விடுப்பு என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனாலும் கீழே போடவில்லை.

வீட்டில் மகள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். படம் எப்படி என்று கேட்கவில்லை. அக்கா அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்தும் குவளையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"என்னிக்குக் கிளம்பணும்?"

மகளுக்கு அழுகை பீறிட்டது. ஊர் விட்டுப் போகிற வருத்தம் என்று நினைத்து அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

புது ஊரில் குடியேறி வெகுநாள் கழித்துத்தான் மகள் அதைச் சொன்னாள். பயிற்சிக்குப் போயிருந்தது ஒரு துறைமுக நகரம். அங்கே மோட்டார் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் அப்பாவைப் பார்த்திருக்கிறாள். அவருடைய இன்னொரு மனைவியையும் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை வந்து அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். அவர் வர மறுத்துவிட்டார். தன் வாயால் சொல்லத் துணியாமல்தான் அந்த டிக்கெட்டை வாங்கியிருக்கிறாள்.